கால் கிடக்கிற இடம்

சேசு மரி சூசை துணை

பேசாலை
9-5-1968

அன்புத் தங்கச்சி உம்மு ஸல்மாவுக்கு, ஆஸ்பத்திரியில் உனக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த மதலேனம்மா எழுதிக்கொள்வது. உன் வெந்த கை எப்படி? தோல் மூடிவிட்டதா? உன் வீட்டுக்காரர் கலந்தர் தம்பி சுகமா? இங்கே மாதாவின் தயவால் எல்லோரும் இருக்கிறோம். என் இடது கால் மட்டும் இல்லை. அது உனக்குத் தெரிந்த புதினம்.

எனக்குப் படிப்புக் குறைவு. எழுத்துப் பிழைத்தால் பொறுத்துக்கொள். ஞாபகம் பிழைக்காது.

நான் சொல்வதைக் கேட்டுச் சிரிக்காதே தங்கச்சி. வெட்டி எடுத்த கால் நோகிறது. முழங்காலுக்குக் கீழே தடவினால் பாய்தான் கையில் படுகிறது. ஆனால் அந்த வெறும் இடத்தில் ஐந்து விரலும் உள்ளுக்கு மடங்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கயிறு போட்டு முறுக்குகிறமாதிரி இழுக்கிறது. அந்தக் காலில் திருக்கை முள் குத்தின அன்றைக்குக்கூட நான் இவ்வளவு கத்தவில்லை. மகள் பெற்றிசியா ஓடிவந்து, "எங்கையம்மா நோகுது?" என்று கேட்கிறாள். வெறும் பாயைக் காட்டுகிறேன். பிள்ளை அழுகிறாள். கிளினிக்குக்குப் போய் டொக்டரிடம் சொன்னேன். "நரம்பு இன்னும் மறக்கேல்லை அம்மா, சில பேருக்கு இப்பிடி இருக்கும்" என்று குளிசை தந்தார். குளிசை தலையைத்தான் மயக்குகிறது.

ஊரில் வேறு கதை சொல்கிறார்கள். வெட்டின காலை மடக்கிப் புதைத்தால் ஆளுக்கு நோகுமாம். தோண்டி விரலை நேராக்கி வைத்தால் நின்றுபோகுமாம். காலை வாங்கிக்கொண்டு வந்து எங்கள் சேமக்காலையில் புதைத்தவன் என் தம்பி பஸ்ரியன். எந்த இடத்தில் என்று கேட்டேன். "அக்னேசக்காட காலடியில. மண் புதுசாக் கிடந்தது, லேசாத் தோண்டலாம் எண்டு" என்றான்.

அக்னேசாள்! என் கலியாணப் பந்தியில் மீன் குழம்பை மணந்து பார்த்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தவள். பச்சைக் கரை போட்ட வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். தள்ளி வைத்தது இடது கையால். போன மாசியில் அவள் செத்தபோதும் நான் மண் போடப் போகவில்லை. இப்போது என் கால் அவள் காலடியில் கிடக்கிறது. நோகாமல் என்ன செய்யும்?

பஸ்ரியன் சோளகக் காற்றுக்குப் பயந்து வலையோடு முல்லைத்தீவு மீன் வாடிக்குப் போய்விட்டான். எப்படி வைத்தாய் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் கோயில் பங்குச் சுவாமியிடம் சொல்லித் தோண்டப் போகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். மருந்து கட்ட வந்தால் நான் நேர்சைத் திட்டித் தீர்ப்பேன். நீ வெந்த கையை நீட்டிவிட்டுக் கண்ணை மூடி, கோயிலில் இருக்கிறமாதிரி இருப்பாய். அது என்ன வித்தை? மறைக்காமல் எழுது.

உன் கை குணமாக மாதாவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

மதலேனம்மா

*

786

மறிச்சுக்கட்டி
27-5-1968

அன்பான மதலேன் ராத்தாவுக்கு, ஸல்மாவின் ஸலாம். உங்கள் காயம் ஆறிவிட்டதா, சாப்பாடு இறங்குகிறதா, பெற்றிசியா சுகமா என்று இவரும் நானும் கேட்கிறோம். எங்கள் சுகத்துக்கு அல்லாஹ் குறை வைக்கவில்லை. கை மூடிவிட்டது. இரண்டு விரல் ஒட்டிப் போனதால் என் எழுத்துக் கோழி நடந்த முற்றம்மாதிரி இருக்கும்.

நான் சிரிக்கவில்லை ராத்தா. வித்தை என்றும் ஒன்றும் இல்லை. எங்கள் வாப்பாவுக்கு முதுகு நோவு. சுபஹு தொழுதுவிட்டு அப்படியே இருப்பார். மூச்சு உள்ளே போக ஒரு அல்லாஹ், வெளியே வர ஒரு அல்லாஹ். நோவு போயிற்றா என்று கேட்டால், "போகல்ல மகள். முந்திக் கத்தினது, இப்ப கதைக்குது" என்பார். விசர்க் கதை என்று நினைத்தேன். நெல் அவிக்கிற கிடாரம் சரிந்து என் கை வெந்தபோதுதான், வேறு வழியில்லாமல் இருந்து பார்த்தேன்.

நோவு வரும்போது பல்லைக் கடிக்காதீர்கள். நேர்சையும் திட்டாதீர்கள், பாவம். மூச்சை நீளமாக விடுங்கள். உங்கள் வேதத்தில் ஒரு சொல்லை எடுத்து மூச்சோடு வையுங்கள். பிறகு நோவைப் பாருங்கள். எங்கே துவங்குகிறது, எங்கே முடிகிறது, அது சூடா, குத்தா, இழுவையா? விரட்ட வேண்டாம். புதிதாக வந்த மருமகளைப் பார்க்கிறமாதிரி எல்லாவற்றையும் பாருங்கள், வாயை மட்டும் திறக்காதீர்கள்.

தோண்டுகிற கதையை இப்போதைக்கு விடுங்கள். உங்கள் தம்பி வரட்டும். நோவு சேமக்காலையில் இல்லை, உங்கள் பாயில் இருக்கிறது. மனசை அங்கே அனுப்பாதீர்கள்.

ராத்தா எப்படி என்று இவர் அடிக்கடி கேட்கிறார். வேறு எழுத ஒன்றும் இல்லை. துஆச் செய்கிறோம்.

ஸல்மா

*

சேசு மரி சூசை துணை

பேசாலை
3-6-1968

தம்பி பஸ்ரியனுக்கு, அக்கா எழுதுவது. உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? முல்லைத்தீவுத் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?

நான் கேட்டதற்குப் பதில் இல்லை. திரும்பவும் கேட்கிறேன். காலைத் துணியில் சுற்றினாயா, சாக்கிலா? விரல் மேலே பார்க்க வைத்தாயா, கீழேயா? மடக்கினாயா? சின்ன வயதில் ஆச்சியின் கிளிப் படம் போட்ட கோப்பையை உடைத்துப்போட்டுப் பூனை என்று சொன்னவன் நீ. அன்றைக்கும் கேட்கக் கேட்க இப்படித்தான் பேசாமல் நின்றாய்.

கடற்கரையில் வெறும் மேலோடு படுக்காதே. சளி பிடிக்கும்.

அக்கா

*

முல்லைத்தீவு வாடி
30-6-1968

அன்புள்ள அக்காவுக்குப் பஸ்ரியன் எழுதுவது. நான் சுகம். நீங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

இங்கே மீன்பாடு பரவாயில்லை. எங்களுக்குப் படகு தருகிற சம்மாட்டி நல்ல மனுசன். போன கிழமை வலையில் பெரிய ஆமை ஒன்று பட்டது, விட்டுவிட்டோம். சமையலுக்கு நிற்கிற கிழவனுக்குக் கண் தெரியாது, உப்பை இரண்டு தரம் போடுகிறான்.

காலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெள்ளைத் துணி. புதுத் துணி. மரியாதையாய்த்தான் நடந்தது. மண்ணுக்குக் கொடுத்ததைக் கிளறக்கூடாது அக்கா. தோண்ட வேண்டாம். நான் புரட்டாதிக்கு வருவேன்.

குளிசையை மறக்காமல் போடுங்கள்.

பஸ்ரியன்

*

சேசு மரி சூசை துணை

பேசாலை
12-7-1968

அன்புத் தங்கச்சிக்கு மதலேனம்மா. ஒட்டின விரலுக்கு நல்லெண்ணெய் பூசுகிறாயா? உன் வீட்டுக்காரர், வயல், மாடு எல்லாம் சுகம்தானே? எனக்குத் தடி ஊன்றி அடுப்படி மட்டும் போகலாம்.

நீ சொன்னபடி இருந்து பார்த்தேன். முதலில் செபமாலையை எடுத்தேன். கை தன்பாட்டில் உருட்டுகிறது, வாய் தன்பாட்டில் சொல்கிறது, மனம் அக்னேசாளிடம் போய் நிற்கிறது. அவள் மூக்கைக்கூடத் தெளிவாய்க் கண்டேன். செபமாலையை வைத்துவிட்டு மூச்சுக்கு ஒரு சொல் போட்டேன். உள்ளே "சேசுவே", வெளியே "இரங்கும்". நோவு வந்தது. பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. உன்னையும் திட்டினேன். குறை நினைக்காதே.

நான் பிடித்ததை விடுகிறவள் இல்லை. கோபத்தையே இத்தனை வருசம் வைத்திருக்கிறேன், இதை வைத்திருக்க மாட்டேனா? நாளாந்தம் இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை ஒன்று நடந்தது. கரையில் நின்று பார்த்தால் சில நாளைக்குத் தண்ணீருக்குள் கறுப்பாய் ஒரு திட்டுத் தெரியும். பாறை என்றுதான் நினைப்போம். கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் அதன் ஓரம் அசையும். பாறை இல்லை, மீன் கூட்டம். ஒவ்வொரு மீனும் தனித்தனி. என் நோவும் அப்படி அசைந்தது தங்கச்சி! ஒரே பாறை என்று இத்தனை நாளும் அழுதேனே, அது துண்டு துண்டாய் ஓடுகிறது. பெருவிரலில் சூடு. நடுவிரலில் இழுவை. குதிக்காலில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத இடமும் அதற்குள் இருக்கிறது! நோவு நிற்கவில்லை. ஆனால் நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். என் உடம்புக்குள் இப்படி ஒரு கடல் கிடந்தது எனக்குத் தெரியாது.

இன்னும் சொல்லு. அக்னேசாளை என்ன செய்கிறது?

உங்கள் எல்லோருக்கும் நல்ல சுகம் கிடைக்கட்டும்.

மதலேனம்மா

*

786

மறிச்சுக்கட்டி
2-8-1968

அன்பான ராத்தாவுக்கு ஸலாம். காய்ச்சல் தடிமன் ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? உப்புக் காற்றில் அதிகம் இருக்காதீர்கள். நாங்கள் நலம். நெல் அரிவு வெட்டு வந்ததால் பதில் பிந்திவிட்டது.

உங்கள் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். மீன் கூட்டம் வந்த இடத்தில் கையைக் காட்டித் திரும்ப வாசிக்கச் சொன்னார். இரண்டாம் தரமும் கேட்டுவிட்டு எழும்பி வெளியே போய்விட்டார்.

அக்னேசம்மா வந்தால் துரத்தாதீர்கள். பாய் போட்டு இருத்துங்கள். பிறகு உங்கள் கோபம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நெஞ்சிலா, தொண்டையிலா, பல்லிலா? அதுவும் ஒரு நோவுதானே. ஆனால் ராத்தா, அவ இருக்கிற மண்ணுக்குள் உங்கள் காலைத் தேடாதீர்கள். இதை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸல்மா

*

சேசு மரி சூசை துணை

பேசாலை
20-8-1968

என் தங்கச்சிக்கு, எப்படிச் சுகம் கேட்பது என்று தெரியவில்லை. நீங்கள் எல்லோரும் நன்றாயிருக்க வேணும். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பரலோக மாதா திருநாள் கழிந்த மறுநாள். மத்தியானத் திரிகால மணி அடித்தது. வெளியே சோளகம் மண்ணை வாரி வேலியில் அடிக்கிறது. பெற்றிசியா கருவாடு புரட்டப் போய்விட்டாள். நோவு வந்தது, சும்மா இல்லை, முதல் நாள்மாதிரி வந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தவள், அந்த மூச்சை நீளமாய் விட்டேன். பார்த்தேன். ஒரு இழுவைக்கும் அடுத்த இழுவைக்கும் நடுவில் கொஞ்ச நேரம் கடல் மூச்சு விடாமல் கிடக்கிறமாதிரி ஒரு அமைதி. அதற்குள் போய் இருந்துகொண்டேன். அக்னேசாள் கோப்பையோடு வந்தாள். வா என்றேன். கோபம் தொண்டையில் மீன்முள்மாதிரிக் குத்திக்கொண்டு நின்றது. அதையும் பார்த்தேன். தொண்டை தன்பாட்டில் இளகியது.

கரையில் ஆடாமல் இருந்தால் நண்டு வளைக்குள்ளிருந்து வெளியே வரும், தெரியுமா? ஒரு விரல் அசைத்தாலும் உள்ளே போய்விடும். நான் அசையவில்லை. முதலில் சின்ன விரல், பயந்து பயந்து, மற்றதன் மேலிருந்து இறங்கியது. பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. கடைசியாய்ப் பெருவிரல். ஐந்தும் நிமிர்ந்தன. இல்லாத என் உள்ளங்காலுக்குக் கீழே கடற்கரை மண் இதமாய்ச் சுட்டது. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன், அங்கே பாய். கண் பாயைப் பார்க்கிறது, கால் மண்ணை மிதிக்கிறது.

பெற்றிசியா வந்து பயந்து போனாள். "ஏனம்மா அழுறியள்? நோகுதே?"

"இல்லைப் பிள்ளை. மண் சுடுது" என்றேன்.

பெற்ற பிள்ளையைக் கையில் வாங்கின அன்றைக்கும் எனக்கு இப்படி மேல் சிலிர்க்கவில்லை. மறுநாள் நோவு திரும்ப வந்தது. வரட்டும். பயம் போய்விட்டது.

ஒன்று மட்டும் பாக்கி. சுவாமியிடம் கேட்டுவிட்டேன். முதலில் மறுத்தார், பிறகு தான் கூட நின்றால் தோண்டலாம் என்றார். நோவுக்காக இல்லைத் தங்கச்சி, மானத்துக்காக. மண்ணை மிதிக்கிற என் கால் அவள் காலடியில் கிடக்கக் கூடாது. அம்மாவின் குழிக்குப் பக்கத்தில் மாற்றப் போகிறேன். பஸ்ரியனுக்குச் சொல்லவில்லை, அவன் அழுவான்.

கலந்தர் தம்பிக்கு என் அன்பு.

மதலேனம்மா

*

786

மறிச்சுக்கட்டி
27-8-1968

ராத்தா, ஸலாம். உங்கள் விரல் நிமிர்ந்ததைக் கேட்டு நானும் அழுதேன். சுகம் விசாரிக்க நேரமில்லை, இதைக் கண்டதும் சுவாமியிடம் ஆள் அனுப்புங்கள். தோண்ட வேண்டாம். அறுவடை முடிந்ததும் நானும் இவரும் நேரில் வருகிறோம். அதுவரைக்கும் பொறுங்கள்.

ஸல்மா

*

பேசாலை
3-9-1968

உம்மு ஸல்மாவுக்கு. நீயும் உன் குடும்பமும் சுகமென்று நம்புகிறேன். என் சுகத்தைக் கடைசியில் கேள்.

உன் கடிதம் தோண்டின மறுநாள் வந்தது.

தடியோடு சேமக்காலைக்குப் போனேன். குழி வெட்டுகிற யாகப்பர் மண்வெட்டியை வைத்ததும் அக்னேசாளின் மகள் எடித் வந்து கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"என்ட அம்மாட குழியில ஆரும் கை வைச்சா நடக்கிறது வேறை!"

"உன்ட அம்மாட குழி ஆருக்கடி வேணும்? என்ட காலைத் தா, நான் போறன்."

"உங்கட காலை எங்கட அம்மா களவெடுத்தவவோ?"

"எடுத்தாலும் எடுப்பா. மணந்து பாத்திட்டுத் தள்ளி வைச்சிருப்பா."

சுவாமி இருவரையும் வாயை மூடச் சொன்னார். யாகப்பர் தோண்டினார். காலடியில் தோண்டினார், வலப்பக்கம், இடப்பக்கம். துணியும் இல்லை, எலும்பும் இல்லை. நாய் கிளறின அடையாளமும் இல்லை, கீழ் மண் கன்னி மண். யாகப்பர் தலைத்துணியைக் கழற்றினார். "மதலேனக்கா, கால் முந்திக்கொண்டு மோட்சத்துக்குப் போட்டுது" என்றார். பெண்கள் சிலுவை போட்டார்கள். எடித்தும் போட்டாள்! பின்னேரம் என் வாசலில் மெழுகுதிரி. தலைமன்னாரில் இருந்து ஒருத்தி வந்து மிச்சக் காலைத் தொட்டுக் கும்பிட வேணும் என்கிறாள். போடி என்று கலைத்தேன்.

எனக்குத் தெரியும் மோட்சம் ஒரு காலை மட்டும் தனியே எடுக்காது. பஸ்ரியன் அங்கே புதைக்கவில்லை. எங்கே எறிந்தான்? கடலிலா? பற்றையிலா? அன்றிலிருந்து விரல் திரும்பவும் மடங்கிவிட்டது. இருந்து பார்த்தால் மூச்சு நிற்கமாட்டேன் என்கிறது. கால் எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் நான் எதன் பக்கத்தில் இருப்பது?

நீ தோண்டாதே தோண்டாதே என்றாய். மண்ணுக்குள் தேடாதே என்றாய். உனக்கு ஏதோ தெரியும். எழுது. எழுதாவிட்டால் உன்னையும் அக்னேசாளுக்குப் பக்கத்தில் வைப்பேன், என் மனசில்.

மதலேனம்மா

*

786

மறிச்சுக்கட்டி
11-9-1968

அன்பான ராத்தாவுக்கு, அல்லாஹ் உங்கள் நோவை லேசாக்கட்டும். இதை எழுதும்போது இவர் முன்னால்தான் இருக்கிறார். இவர் கொடுத்த வாக்கு, இவர் சம்மதத்தோடு உடைக்கிறேன்.

வெட்டின காலை உங்கள் தம்பியிடம் கொடுத்த அன்றைக்கு இவர் என்னைப் பார்க்க விறகு லொறியில் வந்திருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் ஒருவர் பொதியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். எழும்புகிறார், இருக்கிறார். மூத்த சகோதரனைக் கேட்கிறமாதிரி, என்ன காக்கா என்று இவர் கேட்டிருக்கிறார்.

"அம்மா செத்தாப் பிறகு அக்கா என்னை இடுப்பில வைச்சுக்கொண்டு இந்தக் காலாலதான் நடந்தவ. இதுக்கு மேல மண் போட என்னால ஏலாது" என்று அழுதாராம்.

"தாங்க, நான் செய்றன்" என்று இவர் வாங்கினார்.

உடம்பில் ஒரு துண்டு பிரிந்தாலும் அதை மண்ணுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம் ராத்தா. இவர் அதைக் கழுவி, கடையில் புது வெள்ளைத் துணி வாங்கிச் சுற்றி, அதே லொறியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் மையவாடியில், இவருடைய உம்மாவின் கபுறுக்குப் பக்கத்தில், விரலெல்லாம் நிமிர்த்தி நேராக வைத்து, துஆக் கேட்டு மூடினார். ஆருக்கும் சொல்ல வேண்டாம், அக்கா தாங்கமாட்டா என்று உங்கள் தம்பி கையைப் பிடித்தாராம். நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்.

முஸ்லிம் மண்ணில் கிடப்பது உங்களுக்குச் சங்கடம் என்றால் எடுத்துத் தருகிறோம். கோபம் என்றால் என்னிடம் கோபியுங்கள். தம்பியை விட்டுவிடுங்கள்.

ஸல்மா

*

சேசு மரி சூசை துணை

பேசாலை
24-9-1968

என் கூடப்பிறவாத தங்கச்சிக்கும் கலந்தர் தம்பிக்கும், உங்கள் கைகால் சுகமாய் இருக்க வேணும். கால் என்று சும்மா எழுதவில்லை.

உன் கடிதம் வந்து பல நாள். அதையே திரும்பத் திரும்ப எடுத்து வாசித்துக்கொண்டிருந்தேன். பெற்றிசியா பயந்து டொக்டரைக் கூப்பிடவா என்றாள். கோபம் வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. என் வாழ்க்கையில் கூப்பிட்டும் வராத கோபம் இதுதான்.

நான் சிலாவத்துறைக்கு அங்காலே போனதில்லை. என் கால் எனக்கு முந்தி, லொறி ஏறி, ஒரு மனுசன் மடியில் இருந்து உன் ஊருக்கு வந்திருக்கிறது. எடுக்க வேண்டாம். உன் மாமி எப்படிப்பட்டவ? சாப்பாட்டை மணந்து பார்க்கிறவவா? இல்லையென்றால் அவவோடேயே கிடக்கட்டும்.

யோசித்துப் பார் தங்கச்சி. வளைந்து கிடக்கிறது, அக்னேசாள் மிதிக்கிறாள் என்று நான் கத்தின நாளெல்லாம் அது உன் மண்ணில் நேராய்க் கிடந்திருக்கிறது. அப்போதும் நொந்தது. அப்படியென்றால் திருநாள் மறுநாள், மணி அடித்த நேரம், நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாய் நிமிர்த்தினது எதை? மண்ணை மிதித்தது எது? சுவாமியிடம் கேட்டேன். "எனக்குத் தெரியாது மதலேனம்மா" என்றார். அந்தச் சுவாமி தெரியாது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கும் தெரியாது. தெரியாமலே இன்றைக்குக் காலை இருந்தேன். சேமக்காலைக்கும் போகவில்லை, உன் ஊருக்கும் வரவில்லை. நோவு எங்கே நின்றதோ அங்கேயே இருந்தேன். சின்ன விரல்தான் முதலில் இறங்கியது.

எடித்திடம் இடம் பிழைத்துவிட்டது என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் தாயையும் மன்னித்தேன் என்று நினைக்காதே. அந்தக் குழம்பு நல்ல குழம்பு.

அறுவடை முடிந்திருக்கும், வாருங்கள். உன் கையைப் பார்க்க வேணும்.

மதலேனம்மா

*

பேசாலை
25-9-1968

தம்பி பஸ்ரியனுக்கு, அக்கா. உடம்பு சுகமா? இருமல் இருக்கிறதா?

சோளகம் ஓய்ந்துவிட்டது. வாடிக்குப் போனவர்கள் திரும்பத் தொடங்கிவிட்டார்கள், உன்னைக் காணவில்லை. ஊருக்கு வர யோசிக்கிறாய் என்று தெரியும். யோசிக்காதே. சேமக்காலையில் தோண்டினது உன் காதுக்கு வந்திருக்கும். நான்தான் இடத்தை மாறிச் சொன்னேன் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். உன்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். நானும் கேட்கமாட்டேன்.

கால் நல்ல ஆட்களோடு கிடக்கிறது. ஆர் சொன்னது என்று நீயும் கேட்காதே. நோவு வருகிறது, இருக்கிறேன், போகிறது. இதை எழுதும்போதும் வந்திருக்கிறது. எழுத்துக் கோணவில்லை, பார்.

நீ அதை வேப்பமரத்தடி வரைக்கும் தூக்கினாயே. அது போதும்.

பஸ்ஸால் இறங்கி நேரே வீட்டுக்கு வா.

உன் அக்கா